மம்பட்டி படாத மண்

பூனாகலையை விட்டு நடக்கத் தொடங்கியபோது மழை இல்லை. மேகம் மட்டும் இறங்கி வந்து சாலையில் உட்கார்ந்திருந்தது. பத்தடிக்கு அப்பால் தேயிலை தெரியவில்லை. யாரோ இருமுவது கேட்டது, ஆளைக் காணோம். நான் தேடி வந்த தோட்டம் அது இல்லை என்று தெரிந்துகொள்ள அரை நாள் ஆகிவிட்டது.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் குடியிருப்பில் எல்லாரும் 'ஊசிமலை' என்றுதான் சொல்வார்கள். இலங்கையில் அந்தப் பெயரைக் கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுகிறார்கள். பலகையில் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் ஊரின் பெயர் இருக்கும். வேலை செய்கிற சனம் தமிழில் ஒன்று வைத்திருக்கும். அந்தத் தமிழ்ப் பெயரைச் சொன்னவர்களில் பாதிப்பேர் எங்கள் மலைக்கு வந்துவிட்டார்கள்.

வந்த காரியம் சின்னது. எழுபதுகளில் எங்கள் சனம் இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியபோது ஊசிமலைச் சாமி கல்லடியிலிருந்து பிடிமண் எடுத்துவந்து, அதைப் புதைத்த இடத்தில் கோயில் கட்டினார்கள். இப்போது ரோடு அகலமாகிறது. கோயிலை நகர்த்த வேண்டும். புது இடத்துக்குப் புதுப் பிடிமண் வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். குவைத்தில் இரண்டு வருடம் பெட்டி தூக்கியதால் பாஸ்போர்ட் இருந்தது. "சும்மா சுத்துறவன்தானே, இதையாவது செய்யட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

பதுளைக்கு வந்த பஸ்ஸில், ஏற்றத்தில் நிற்கும்போதெல்லாம் நடத்துநர் ஒரு மரக்கட்டையோடு குதித்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். மூன்றாவது தடவை கட்டை நழுவி, பஸ் ஒரு முழம் பின்னால் போய் நின்றது. யாரும் கத்தவில்லை. முன்னால் இருந்த அம்மாள் ஏதோ சிங்களத்தில் சொன்னாள்; பஸ் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "இந்த பஸ்ஸுக்கும் பிறந்த வீட்டு ஆசை விடவில்லை, திரும்பிப் போகப் பார்க்கிறது என்கிறாள்" என்றார்.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சைவக் கடையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்றேன். சம்பல் காதுவரை எரிந்தது. வெறுந்தேத்தண்ணியைத் தந்து சர்க்கரையை உள்ளங்கையில் வைத்தார்கள். நக்கிக்கொண்டே குடிக்க வேண்டுமாம். எங்கள் மலையில் இப்படிக் குடித்தால் வீட்டில் பால் இல்லையென்று பொருள். கடை முதலாளியிடம் ஊசிமலையைக் கேட்டேன்.

"நமுனுகுல பக்கமா? அணு ஆளுங்க வந்திருக்காங்களே, அந்தத் தோட்டமா?"

"என்ன ஆளுங்க?"

"அணுங்க. கொழும்புல இருந்து. மண்ணைத் தோண்டிப் பையில போட்டு எடுத்துட்டுப் போறாங்க. நீங்க எதுக்குப் போறீங்க?"

"மண் எடுக்கத்தான்."

அவர் கல்லாவில் இருந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருக்கு. இப்பிடியே ஆளாளுக்கு எடுத்தா மலை எங்க நிக்கும்?"

நமுனுகுல பஸ் என்னைத் தோட்டத்து முக்கில் இறக்கிவிட்டபோது மணி மூன்றுதான், ஆனால் விளக்கு வைக்கிற நேரம் போல இருந்தது. இரண்டு மைல் ஏற்றம். அட்டைகள் செருப்பு வாருக்குள் ஏறிக்கொண்டன. எங்கள் பக்கம் காட்டெருமைக்குப் பயந்து நடப்போம். இங்கே பயப்பட எதுவும் கண்ணில் படவில்லை. அதுவே என்னவோ போலிருந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை.

புஷ்பாக்கா என் அப்பாவின் சித்தப்பா பேத்தி. ஒரு கல்யாணப் பத்திரிகை வழியாகப் போன் நம்பர் கிடைத்து, பேசிப் பழகியிருந்தோம். அவள் சொன்ன வழியை நான்தான் தப்பாகப் பிடித்திருந்தேன்; வழியில் கூப்பிட்டபோது அவள் போன் எடுக்கவில்லை. மேக்கணக்கு என்கிற மேல்பிரிவில், கடைசி லயத்தின் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவளுடையது. வாசலில் நின்று, "தம்பி, தலையைக் குனிஞ்சு வா, சுவத்துல சாயாத" என்றாள்.

பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே ஏணிப்படி போலச் செய்தித்தாள் துண்டுகள் மாவுப்பசையால் ஒட்டப்பட்டிருந்தன. பெரும்பாலானவை நடுவில் கிழிந்திருந்தன. கிழிந்த ஒவ்வொன்றின் ஓரத்திலும் கரிக்கட்டையால் ஒரு கோடு.

"இது என்னக்கா?"

"சுவரு நடக்குதான்னு பாக்க. நடந்தா தாள் கிழியும். கிழிஞ்சா புதுசு ஒட்டுவேன்."

"இந்த மாசம் எத்தனை?"

"மூணு. மழையே இல்லாம மூணு."

லயத்துக்குப் பின்னால் தேயிலைச் சரிவு செங்குத்தாக ஏறியது. செடிகளின் வேர்கள் வெளியே தெரிந்தன. மண் கீழே போய்ச் செடிகள் நுனிக்காலில் நிற்பது போல. ஐப்பசி மழை தொடங்கினால் பன்னிரண்டு குடும்பமும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கும். விடிந்தால் திரும்பிவந்து சமைக்கும். போன வருடமும் அப்படித்தான். எந்தெந்த லயத்துக்கு முதலில் மாற்று இடம் கொடுப்பது என்று ஒரு பட்டியல் தயாராகிறதாம். எந்தச் சரிவில் மண் அதிகமாகப் போகிறது என்று அணு ஆட்கள் எழுதிக் கொடுப்பதும் அந்தப் பட்டியலுக்குப் போகும்.

"மேல வந்தா இந்த மழைக்கு முன்னாடி எடத்தைக் காட்டுவாங்க. கீழ போனா..." என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதினாள். பாண் என்று அவர்கள் சொல்லும் பிரெட், பருப்பு, கருவாட்டுப் பொரியல். நன்றாகச் சாப்பிட்டேன். சுவர்ப் பக்கம் முதுகு காட்டாமல் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பெரட்டில் பேர் பதிந்து, கொழுந்து பறிக்கப் போகிற வழியில் புஷ்பாக்கா என்னைச் சாமி கல்லுக்குக் கூட்டிப்போனாள். அது சரிவுக்கு நேர் மேலே, மலையின் தட்டையான உச்சி. மரம் கிடையாது; கணுக்கால் உயரப் புல். சுற்றிலும் தேயிலை வந்து ஒரு வட்டமாக நின்றுவிடுகிறது. நடுவே என் இடுப்பளவு ஒரு கல். செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் ஆண்கள் கத்திகளை இதன் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் செடியைத் தொடுவார்களாம்.

"சாமி வளருது தம்பி" என்றாள் புஷ்பாக்கா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "எங்கம்மா காலத்துல தொடை உசரம். இப்ப பாரு."

நான் பார்த்தேன். எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசிக் கல்லின் மேற்பகுதி கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு ஒரு கோட்டோடு நின்றது. கோட்டுக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குக் கல் வெளிறி, அண்மையில் தோலுரித்தது போல இருந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஏதோ உண்மையிலேயே எழுந்து வருகிறது என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. மேகம் வட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றது, உள்ளே வரவில்லை. மயிர்க்கூச்செடுத்தது என்று எழுத வெட்கம்தான், ஆனால் எடுத்தது.

கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் புல்லில் கால்நீட்டி உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துச் சோறு தின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் இரும்புக் குழாய், பெரிய சம்மட்டி, எண் எழுதிய பைகள். அவள்தான் அணு ஆள், பெயர் திலினி. எங்கள் பக்கம் அணு என்றால் கடற்கரையில் பெரிய கட்டடமும் போலீஸும் நினைவுக்கு வரும். இங்கே அது கருவாட்டுக் குழம்போடு உட்கார்ந்திருந்தது.

அவளுடைய சிங்களத்தைத் தமிழாக்கிச் சொன்னவர் கணக்கப்பிள்ளை கணேசன். கொழுந்து மலையை மேய்க்கிறவர். அரைக்கால் சட்டை, கையில் தடி, முகத்தில் எப்போதும் ஒரு கோபம். இந்த இடத்தை அவளுக்குக் காட்டியவரும் அவரே.

திலினி சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். "எங்கள் நாட்டில் அணு உலை இல்லை, குண்டும் இல்லை. ஆனால் புற்றுநோய்க்கும் கொசுவுக்கும் கிணற்று நீருக்கும் மண்ணுக்கும் பயன்படுகிற அணுவை அரசாங்கம் விடவில்லை. காசில்லாத நாட்டிலும் எங்களைப் படிக்க வைத்தது. ஐம்பது, அறுபதுகளில் உலகத்தின் வேறு மூலைகளில் குண்டு வெடித்துப் பார்த்தார்கள். அந்தத் தூசி வானத்துக்குப் போய், மழையோடு எல்லா ஊரிலும் இறங்கியது. இந்த மலையிலும் இறங்கியது. மண்ணைப் பிடித்துக்கொண்டால் விடாது. மண் போனால்தான் அதுவும் போகும். மண்வெட்டியே படாத ஒரு சமதரையில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். பிறகு சரிவில் பார்ப்பேன். எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு மண் அங்கிருந்து போயிருக்கிறது."

"அது இப்பவும் இருக்கா? நம்ம மேல ஒட்டுமா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது. முப்பது வருடத்துக்கு ஒரு முறை பாதியாகச் செத்துக்கொண்டே வருகிறது. இப்போது முனகல்தான். ஒரு பை மண்ணை ஈயப் பெட்டிக்குள் வைத்து, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து கேட்க வேண்டும்."

ஈயப் பெட்டிக்குள் முனகுகிற மண். நான் கால்களை மடக்கிக்கொண்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். சில மாதங்களுக்கு முன் அவள் இதே வட்டத்தில் கல்லைச் சுற்றி ஆறு இடத்திலும், பிறகு சரிவிலும் மண் எடுத்துப் போனாள். கொழும்பில் கேட்டுப் பார்த்தால், வட்டத்து மண் ஒன்றிலும் முனகல் சரியாக இல்லை. சரிவைவிட இங்கே குறைவு. கணக்குப்படி சரிவில் மண் போகவே இல்லை, கொஞ்சம் சேர்ந்திருக்கிறது என்று வருகிறது. கருவி பழுதோ என்று மறுபடி பார்த்தாள், பழுதில்லை. அதனால்தான் திரும்ப வந்திருக்கிறாள். மறுநாளோடு திரும்ப வேண்டும். காரணம் தெரியாவிட்டால் அறிக்கை இருக்கிறபடியே போகும்.

புஷ்பாக்கா கூடையின் கயிற்றைத் தலையிலிருந்து இறக்கினாள். "அப்ப எங்க லயம்?"

கணக்கப்பிள்ளை சிங்களத்தில் கேட்டுவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கடைசிக்குப் போகும்."

"என் சுவரு நடக்குதுங்க. மண்ணு போகலன்னு எப்பிடி எழுதுவாங்க?"

"நான் என்ன புள்ள செய்ய? இது மம்பட்டி படாத எடம். எங்கப்பா சத்தியமா படல. நான் பொய் சொல்லல."

"நீங்க பொய் சொன்னீங்கன்னு யாரு சொன்னா? இப்பவே குதிக்கிறீங்களே."

இந்தச் சண்டைக்கு நடுவில் நான் வந்த காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடலாம் என்று கல்லடியில் மண்டியிட்டேன். துண்டை விரித்து, புல்லை விலக்கி, விரலை ஊன்றியதும் கணக்கப்பிள்ளையின் தடி என் மணிக்கட்டுக்கு முன்னால் குத்தி நின்றது.

"ஏய்! கைய எடு! என்ன செய்யிற?"

"பிடிமண் எடுக்குறேங்க."

"தொடாத எடம்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், நீ நோண்டுறியே!"

"மம்பட்டி இல்லைங்களே, கைதானே. எல்லாரும் கையாலதானே எடுத்தாங்க."

"எல்லாரும்னா?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். இந்த மனிதர் பல மாதமாக அப்பன் பேரில் சத்தியம் செய்துகொண்டிருக்கிறார்; அவர் கீழ் வேலை செய்கிறவர்கள் முன்னால் அதை உடைக்க நான் யார்? மண்ணும் கிடைக்காமல் போகலாம். ஆனால் புஷ்பாக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரிக்கோடு போட்ட அந்தத் தாள்கள் என் கண்ணுக்குள்ளேயே இருந்தன.

சொன்னேன். எங்கள் பக்கம் ஊசிமலைச் சாமிக்கு ஒரு கோயில் இல்லை. எங்கள் குடியிருப்பில் ஒன்று, பக்கத்துக் குடியிருப்பில் ஒன்று, கூடலூர்ப் பக்கம் சில, இன்னும் எங்கெங்கோ. கோயிலுக்குப் போனது போக, ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு மூலைக்கென்று ஒரு முடிச்சு கொண்டு வந்தது. போகிறவர்கள் கிளம்புகிற அன்று விடியலில் குளித்து, ஈரத்துணியோடு வந்து எடுப்பார்கள். அதற்கு ஒரு முறை உண்டு: ஒருவர் எடுத்த குழியில் இன்னொருவர் எடுக்கக் கூடாது. புது இடத்தில்தான் கை வைக்க வேண்டும்.

"அப்ப சுத்திச் சுத்தி..." என்றாள் புஷ்பாக்கா.

"ஆமாக்கா. கல்லுல ஆரம்பிச்சு வெளிய, வெளிய."

இங்கே தங்கிவிட்டவர்கள் மண் எடுக்கவில்லை, எடுக்கத் தேவையும் இல்லை. எடுத்தவர்கள் யாரும் இங்கே இல்லை. பிடிமண் எடுப்பதைத் தோண்டுவது என்று எந்தத் தமிழனும் சொல்லமாட்டான். கணக்கப்பிள்ளை பொய் சொல்லவில்லை.

அவர் ஊன்றிய தடியை எடுத்தார். பிறகு கல்லுக்குப் போய், கறுப்புக் கோட்டில் கையை வைத்தார். அங்கிருந்து விரலை விரித்துக் கீழே தரைவரை அளந்தார். சரியாக ஒரு சாண். அந்த ஒரு சாணும் விரல் விரலாகப் போயிருந்தது. எத்தனை பேர் ஈரத்துணியோடு இந்தப் புல்லில் குந்தியிருப்பார்கள் என்று நினைத்தபோது, வட்டம் முழுக்க ஆட்கள் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மேகம் இப்போது உள்ளே வந்திருந்தது.

கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் திலினிக்குச் சொன்னார். எதையும் விழுங்கியதாகத் தெரியவில்லை. அவள் சாப்பிட்ட கையைக் கழுவ மறந்து, மண்டியிட்டுப் புல்லைத் தடவிப் பார்த்தாள்.

"மேல்மண்ணில்தான் தூசி இருந்தது. அதை இந்தியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்" என்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "உங்கள் கோயிலடியில் இருக்குமா?"

"அங்க போய் எடுத்தா சரி வருமா?"

"வராது. அங்கேயும் அதே மழைதான் பெய்திருக்கும். எது எந்த நாட்டில் விழுந்தது என்று பிரிக்க முடியாது."

இந்த அறிக்கையைத் திருத்தாமல் அனுப்பமாட்டேன் என்றாள். ஆனால் அதற்கு இன்னொரு தரை வேண்டும்: சமமாக, வெளியாக, உழாமல், நடாமல், யாரும் ஒரு பிடிகூட அள்ளாமல் கிடந்த தரை. தோட்டத்தில் அப்படி ஓர் இடம் உண்டா?

புஷ்பாக்கா, கணக்கப்பிள்ளை இருவர் முகமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. மேகத்துக்குள் எனக்கு எதுவும் தெரியவில்லை.

"தொரை பங்களா புல்லு" என்றாள் புஷ்பாக்கா.

"வெள்ளைக்காரன் காலத்துப் புல்லு. வெட்டுறதோட சரி. வேற மண்ணுகூடப் போட்டதில்ல" என்றார் கணக்கப்பிள்ளை. "நம்ம ஆளு யாரு அங்க கால் வச்சிருக்கான், மண்ணு அள்ள? ஆனா யாரு கேக்கிறது?"

"நீங்கதான் கேக்கணும். அப்பா பேர்ல சத்தியம் பண்ணுனீங்கல்ல."

அவர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். சாயந்தரம் வந்து சொன்னார்: தோட்டத்து மேலாளரான துரைக்கு இஷ்டமில்லை; ஆனால் திலினி மிஸ் போனில் பேசியபிறகு சரி என்றார். காலையிலேயே முடிக்க வேண்டும். குழிகளை அடைத்து, புல்லை இருந்தபடி பதிக்க வேண்டும். தோட்டக்காரன் கை வைக்கமாட்டானாம். கொழுந்து மும்முரத்தில் கணக்கப்பிள்ளையாலும் ஆள் தர முடியாது.

அவர் பங்களாவுக்குப் போயிருந்த நேரத்தில் நான் சாமி வட்டத்துக்குத் தனியாகப் போனேன். இனி அந்த மண் அளவுக்கு உதவாது, எடுத்துக்கொள்ளலாம் என்று திலினி சொல்லியிருந்தாள். ஆனால் எங்கே கை வைப்பது? எது பழைய குழி, எது இல்லை? கல்லிலிருந்து வெளியே நடந்து நடந்து தேயிலையில் முட்டினேன். எங்கு குனிந்தாலும் யாரோ முந்தி எடுத்த இடம் போலவே இருந்தது. வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

புஷ்பாக்கா கேட்டுவிட்டுச் சிரித்தாள். லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், சுவருக்கும் சரிவுக்கும் நடுவில் குவிந்திருந்த மண்ணைக் காட்டினாள். "இதுவும் அங்கருந்து உருண்டு வந்ததுதானே. யாரும் எடுக்கல, தானா வந்துச்சு. எவ்வளவு வேணுமோ அள்ளு. எனக்கும் வாரிக் கொட்டுற வேலை குறையும்." ஒரு பிடி எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டேன். பூசாரி கேட்டால் கல்லடி மண் என்றுதான் சொல்வேன். பொய்யில்லை.

காரியம் முடிந்தது, காலை பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். ஆனால் சம்மட்டி அடிக்க ஆள் இல்லை என்று கணக்கப்பிள்ளை வாசலில் நின்றுகொண்டே இருந்தார். "எனக்குத் தெரியும் அடிக்க" என்றேன். அதற்கு அவர் நன்றி எல்லாம் சொல்லவில்லை. "ஆறு மணிக்கு வா. பிந்தாத" என்றார்.

காலையில் பங்களாப் புல் பனியில் வெளுத்துக் கிடந்தது. அதில் ஒரு காலடிகூட இல்லை. சன்னல் திரை ஒன்று கொஞ்சம் விலகியிருந்தது. பின்னால் ஆள் நின்றதா தெரியாது. நாய் ஒன்று எங்களைப் பார்த்தது, குரைக்கவில்லை. புஷ்பாக்கா பெரட்டுக்குப் போகாமல் வந்திருந்தாள். புல்லின் ஓரத்துக் கல்வரிசைக்கு வெளியே நின்றாள். குழாயைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று திலினி சைகை காட்டியதும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தாள். குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

சம்மட்டி விழுந்தது. சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. யாரோ எதிர்மலையில் அதே வேலை செய்வது போல. இருபது தடவை அடித்ததும் குழாய் கழுத்துவரை இறங்கியது. இழுத்து எடுத்தபோது உள்ளே கறுப்பாக, வேரோடு, கலையாத மண். திலினி அதைத் தாளில் கிடத்தினாள்.

புஷ்பாக்கா குனிந்து பார்த்தாள். "இருக்கா மிஸ்?"

"கண்ணுக்குத் தெரியாது. கொழும்பில் கேட்டால்தான் தெரியும்."

"எத்தனை நாளாகும்? மழைக்கு முன்னாடியா?"

கணக்கப்பிள்ளை அதைச் சிங்களத்தில் சொன்னார். திலினி நமுனுகுல மலையைப் பார்த்தாள். அங்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக மேகம் மட்டும் நின்றது. அவள் ஐந்து விரலை விரித்துக் காட்டினாள்: இன்னும் ஐந்து குழி.

புஷ்பாக்கா குழாயைத் தூக்கி அடுத்த இடத்தில் நிறுத்தினாள். "அடி தம்பி" என்றாள். கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு சம்மட்டியை எடுத்தேன்.